பூங்காவில் துணை மின்நிலையம், மேய்ச்சல் நிலத்தில் சோலார்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் மனைப்பிரிவுப் பூங்கா, விளையாட்டுத் திடல், மேய்க்கால் (ஊர்ப் பொது மேய்ச்சல் நிலம்), மந்தைவெளி போன்ற இடங்களுக்கு மின்கட்டமைப்பு வரப்போகிறது என்று தெரிந்ததும் குடியிருப்போர் சங்கங்களும் கிராமத்து மக்களும் கேட்கும் கேள்விகள் இவை. எங்கள் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மின்சாரம் வேண்டும். அதற்கான இடத்தைத் திட்டமிட்டுத் தேட வேண்டும், தேவைப்பட்டால் விலை கொடுத்து வாங்க வேண்டும். கேட்க ஆளில்லை என்பதற்காகப் பொதுவெளியை எடுத்துக்கொள்ளக் கூடாது.

எங்கள் பூங்காவில் அளந்து கல் நட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். முதலில் என்ன செய்வது?

கல்லைப் பிடுங்க வேண்டாம். பிடுங்கினால் பேச்சு நிலத்தை விட்டு உங்கள் மீதான வழக்குக்குப் போய்விடும். படம் எடுத்து வையுங்கள். அன்றைக்கே மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்கும், உள்ளாட்சி ஆணையர் அல்லது செயல் அலுவலருக்கும் எழுத்தில் கேளுங்கள். வரப்போவது என்ன, எத்தனை கே.வி. (கிலோவோல்ட், மின்னழுத்த அளவு), எவ்வளவு இடம், எந்த ஆணையின் கீழ் அளந்தார்கள்? மனுவின் நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் எப்போது ஆட்சேபித்தீர்கள் என்பதைப் பின்னால் காட்டப்போவது அந்த முத்திரைத் தேதிதான்.

அடுத்து, அது எந்த வகை நிலம் என்று கண்டுபிடிக்க வேண்டும். மனைப்பிரிவுப் பூங்காவுக்கு ஒரு சட்டம், மேய்க்காலுக்கு இன்னொன்று, ஏரி உள்வாய்க்கு வேறொன்று. வகை தெரியாமல் எழுதிய மனு எவ்வளவு உருக்கமாக இருந்தாலும் மேசையைத் தாண்டாது.

நில வகையை எப்படிக் கண்டுபிடிப்பது?

நகரத்தில் என்றால், சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அல்லது டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) ஒப்புதல் அளித்த மனைப்பிரிவு வரைபடத்தை எடுங்கள். பூங்கா என்று குறித்த இடமும் அதன் பரப்பும் அதில் இருக்கும். மனை போட்டவர் அந்த இடத்தை உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுத்த தானப்பத்திரத்தின் எண்ணை வில்லங்கச் சான்றில் தேடலாம். கிராமத்தில் 'அ' பதிவேடும் (வருவாய்த்துறையின் நிலப் பட்டியல்) புலவரைபடமும் போதும். மேய்க்காலா, களமா, வண்டிப்பாதையா என்பது 'அ' பதிவேட்டிலேயே எழுதியிருக்கும். அரசின் இணையச் சேவைத் தளத்தில் அந்தப் பக்கத்தை எடுத்துக்கொள்ளலாம்.

ஓ.எஸ்.ஆர். நிலம் என்கிறார்களே, அது எது?

'ஓப்பன் ஸ்பேஸ் ரிசர்வேஷன்', அதாவது திறந்தவெளி ஒதுக்கீடு. மனை போடுபவரும் பெரிய கட்டடம் எழுப்புபவரும் பொது மக்களின் திறந்தவெளிக்காக ஒதுக்கித் தர வேண்டிய இடம். 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 3,000 சதுர மீட்டர் வரை ஒதுக்கீடு கிடையாது. 3,000 முதல் 10,000 வரை என்றால், சாலைக்கான இடம் போக மீதியில் 10 விழுக்காட்டை நிலமாகத் தரலாம், அல்லது அதன் மதிப்பைப் பணமாகக் கட்டலாம். 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால் நிலமாகத்தான் தர வேண்டும். பணம் கட்டித் தப்ப முடியாது. இந்த ஏற்பாடு செல்லாது என்று சென்னையிலிருந்து போன வழக்கில், 2023 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் இது செல்லும் என்று உறுதி செய்தது. வசந்த் அபார்ட்மென்ட்ஸ் உரிமையாளர் சங்க வழக்கு அது.

சமூகப் பொழுதுபோக்குக்காக, அதாவது பூங்காவாகவும் விளையாட்டுத் திடலாகவும் இருக்க என்றுதான் அந்த விதி நிலத்தைக் கேட்கிறது. மனை வாங்கிய ஒவ்வொருவரும் கொடுத்த விலையில் இந்தப் பூங்காவின் விலையும் அடக்கம். 'அரசு சும்மா கொடுத்த இடம்' என்று யாராவது சொன்னால் இதை நினைவுபடுத்துங்கள்.

நிலம் உள்ளாட்சியின் பெயரில்தானே இருக்கிறது? அவர்கள் விரும்பினால் மின்வாரியத்துக்குக் கொடுத்துவிடலாமே?

பெயர் அவர்களுடையது, பயன் குடியிருப்பவர்களுடையது. 1959-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் பாதுகாப்புச் சட்டம் இதற்காகவே வந்தது. உள்ளாட்சி தன் எல்லைக்குள் இருக்கும் இத்தகைய இடங்களைப் பட்டியலிட வேண்டும். பட்டியலில் ஏறிய இடத்தை அரசின் முன் அனுமதி இல்லாமல் வேறு பயனுக்கு மாற்ற முடியாது. இப்படி ஒரு சட்டம் இருப்பது பல அலுவலகங்களில் மறந்தே போயிருக்கிறது. மனுவில் பெயரையும் ஆண்டையும் தெளிவாக எழுதுங்கள்.

நீதிமன்றங்களும் இதில் உறுதியாகவே பேசியிருக்கின்றன. பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனை கட்டக் கொடுத்ததை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது செல்லும் என்று 1991-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெங்களூர் மெடிக்கல் டிரஸ்ட் எதிர் முத்தப்பா வழக்கு. மருத்துவமனையும் மக்களுக்குப் பயன்படுவதுதானே என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. அதைவிட முக்கியம், அந்தப் பகுதியில் குடியிருப்பவர்களுக்கு வழக்குத் தொடுக்கும் உரிமை உண்டு என்று நீதிமன்றம் சொன்னது. 'இதில் நீங்கள் யார்?' என்ற கேள்விக்குப் பதில் இந்தத் தீர்ப்பில் இருக்கிறது.

ஆனால் மின்சாரமும் பொதுத் தேவைதானே? மே மாதம் மின்னழுத்தம் குறைந்து விசிறி சுற்றாதபோது நாங்களே இ.பி.க்குப் போன் செய்து கத்துகிறோமே?

நேர்மையான கேள்வி. இதைத் தவிர்த்துவிட்டுப் போராட முடியாது, தவிர்க்கவும் கூடாது. ஒரு பகுதியில் வீடுகளும் ஏ.சி.க்களும் பெருகினால், அந்தச் சுமையைத் தாங்க அருகிலேயே ஒரு துணை மின்நிலையம் வேண்டும். வெகு தூரத்திலிருந்து 11 கே.வி. கம்பியில் இழுத்துக்கொண்டு வந்தால் வழியிலேயே மின்னழுத்தம் விழும், இழப்பும் கூடும். எனவே பொறியாளர்கள் 'சுமையின் நடுவில் இடம் வேண்டும்' என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும் முறையைத்தான் நாங்கள் எதிர்க்கிறோம். தனியார் மனையை வாங்கப் பணம் வேண்டும், காலம் பிடிக்கும். பூங்கா என்றால் உள்ளாட்சியின் ஒரே ஒரு தீர்மானம் போதும் என்று நினைக்கிறார்கள். அதனால் வரைபடத்தில் பச்சையாகத் தெரிகிற இடத்தில் முதல் கல் விழுகிறது. இப்படி மிச்சப்படுத்தும் பணத்துக்கும் காலத்துக்கும் விலை கொடுப்பது யார்? மாலையில் நடக்க வேறு இடமில்லாத முதியவர்கள், மாடியோ முற்றமோ இல்லாத வாடகை வீட்டுப் பிள்ளைகள். மழை நீர் இறங்க மிஞ்சியிருந்த மண்ணும் அதோடு போகிறது. துணை மின்நிலையத்தை வேறு மனைக்கு மாற்றினால் செலவுதான் கூடும். பூங்கா ஒருமுறை போனால், முழுக்கக் கட்டி முடித்த பகுதியில் இன்னொன்று வராது. இந்த வேறுபாட்டை எந்தக் கூட்டத்திலும் சொல்லுங்கள். பொறியாளர்களில் பலர் இதை ஒப்புக்கொள்வார்கள்.

சரி, மாற்று இடம் எங்கே?

முதலில் மனைப்பிரிவு வரைபடத்தையே மறுபடி பாருங்கள். 10,000 சதுர மீட்டரைத் தாண்டும் புதிய மனைப்பிரிவுகளில், பூங்காவுக்கான 10 விழுக்காடு போக, இன்னும் 1 விழுக்காட்டைப் பொதுப்பயனுக்கு ஒதுக்க வேண்டும் என்று விதி. அதில் பாதி மின்வாரியத்துக்கு, பாதி உள்ளாட்சிக்கு. வரைபடத்தில் பி.பி. என்று குறித்திருப்பார்கள். மின்வாரியத்துக்கென்றே ஒதுக்கிய மனை புதர் மண்டிக் கிடக்க, பூங்காவைக் கேட்டு வருவது நடக்கக்கூடியதுதான்.

இந்த ஒதுக்கீட்டின் அளவையும் அறிந்துகொள்ள வேண்டும். 10 ஏக்கர் மனைப்பிரிவில் சாலை போக 7 ஏக்கர் மிஞ்சினால், அரை விழுக்காடு என்பது ஏறக்குறைய 1,500 சதுர அடி. டிரான்ஸ்ஃபார்மருக்கும் பில்லர் பெட்டிக்கும் அது தாராளம், 33 கே.வி. துணை மின்நிலையத்துக்குப் போதாது. எனவே பெரிய நிலையம் என்றால் வேறு வழிகளையும் முன்வையுங்கள். ஏற்கெனவே இருக்கும் துணை மின்நிலையத்தில் டிரான்ஸ்ஃபார்மர் திறனைக் கூட்ட முடியுமா? சுற்றுவட்டாரத்தில் பாதி காலியாகக் கிடக்கும் அரசு அலுவலக வளாகம், பயன்படாத குடியிருப்பு, பணிமனை உண்டா? ஜி.ஐ.எஸ். வகை கட்டலாமா? அந்த வகையில் கருவிகள் வாயு நிரப்பிய உலோக உறைக்குள் இருப்பதால், திறந்தவெளி முற்றம் போல ஏக்கர் கணக்கில் இடம் தேவையில்லை. ஒரு கட்டடத்துக்குள் அடக்கிவிடலாம். செலவு அதிகம். வழக்கமாக அதில் நிரப்பும் எஸ்.எஃப்.6 வாயு, புவி வெப்பமாக்கும் திறனில் கரியமில வாயுவைவிட இருபதாயிரம் மடங்குக்கும் மேல் என்பதால் கசியாமல் பராமரிப்பதும் முக்கியம். இவ்வளவையும் சேர்த்து யோசித்தாலும், நெருக்கமான நகரப் பகுதிக்கு அதுவே பொருத்தம் என்பது எங்கள் கருத்து.

மாற்று இடத்தின் சர்வே எண்ணோடு போகும் சங்கத்துக்குக் கிடைக்கும் மரியாதையே வேறு.

ஒரே ஒரு டிரான்ஸ்ஃபார்மர்தான், ஓரத்தில் வைத்துக்கொள்கிறோம் என்கிறார்கள். அதையும் எதிர்க்க வேண்டுமா?

எல்லா ஊருக்கும் ஒரே பதில் கிடையாது. பூங்கா பெரியது, வேறு இடமே இல்லை, சாலையை ஒட்டிய மூலையில் வேலியோடு வைக்கிறார்கள் என்றால் ஒத்துப்போகலாம். எழுத்தில் நிபந்தனை வாங்குங்கள்: பரப்பு எவ்வளவு, வேலி யார் பொறுப்பு, பராமரிப்புக்குச் சாலைப் பக்கமிருந்தே வழி. ஊஞ்சலுக்குப் பக்கத்தில் என்றால் ஒத்துக்கொள்ள வேண்டாம். உள்ளே எண்ணெய் இருக்கிறது, தீப்பிடிக்கக்கூடியது, பிள்ளைகள் பந்து எடுக்கப் போவார்கள்.

உயர்மின் கோபுரத்துக்கு யாரிடமும் அனுமதி தேவையில்லை, தந்திச் சட்டம் இருக்கிறது என்று மிரட்டுகிறார்களே?

பாதி உண்மை. 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டத்தின் 164-ஆம் பிரிவின்படி, 1885-ஆம் ஆண்டு இந்தியத் தந்திச் சட்டத்தில் உள்ள அதிகாரங்களை மின்பாதை அமைக்கும் நிறுவனத்துக்கு அரசு ஆணையிட்டு வழங்கலாம். 2023-இல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்தபோதும், மின்பாதைகளுக்காகத் தந்திச் சட்டத்தின் மூன்றாம் பகுதி தொடரும் என்று அதிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். தனியார் வயலில் உரிமையாளர் மறித்தால் மாவட்ட ஆட்சியரிடம் போய் உத்தரவு வாங்கிக்கொண்டு வேலையைத் தொடரலாம். விவசாயிகள் பலருக்கு இது கசப்பான அனுபவம்.

ஆனால் அதே சட்டத்தின் 10-ஆம் பிரிவை முழுவதும் படியுங்கள். உள்ளாட்சியின் உடைமையிலோ கட்டுப்பாட்டிலோ நிர்வாகத்திலோ உள்ள சொத்தில், அந்த உள்ளாட்சியின் அனுமதி இல்லாமல் இந்த அதிகாரத்தைப் பயன்படுத்தக் கூடாது என்று (இ) உட்பிரிவு சொல்கிறது. அனுமதி கொடுக்கும்போது நிபந்தனை விதிக்க 12-ஆம் பிரிவு உள்ளாட்சிக்கு இடம் தருகிறது. ஆக, பூங்காவுக்குள் கோபுரம் வருமுன் மன்றக் கூட்டத்துக்கு விஷயம் வந்தே ஆக வேண்டும். உங்கள் வார்டு உறுப்பினரை அதற்கு முன்பே சந்தியுங்கள். எந்த நிபந்தனைகள் வேண்டும் என்று தட்டச்சு செய்த தாளோடு போங்கள்.

இன்னொன்றும் உண்டு. இந்தச் சட்டம் கம்பிக்கும் கோபுரத்துக்கும் நிலத்தைப் பயன்படுத்தும் உரிமையை மட்டுமே தருகிறது, நிலத்தைத் தருவதில்லை. துணை மின்நிலையத்துக்கு நிலமே கைமாற வேண்டும். அதற்குத் தந்திச் சட்டத்தைக் காட்டினால் கேள்வி கேளுங்கள்.

கம்பி மேலே போனால் என்ன, கீழே பூங்கா இருக்கலாமே?

இருக்கலாம், ஆனால் மரம் இருக்காது. 110 கே.வி. பாதைக்கு 22 மீட்டர், 220 கே.வி.க்கு 35 மீட்டர் அகலம் ஒதுக்குவது வழக்கம், 400 கே.வி. என்றால் 46 மீட்டர் அளவுக்குப் போகும். அந்தப் பட்டைக்குள் உயரமாக வளரும் எதையும் வெட்டிக்கொண்டே இருப்பார்கள். 30 மீட்டர் அகலப் பூங்காவின் மேல் 220 கே.வி. போகிறது என்றால் முழுப் பூங்காவும் போனதாகத்தான் அர்த்தம். நகரத்துக்குள் புதைவடம் கேளுங்கள்; சாலையோரமாகவே கொண்டுபோகலாம்.

பூமிக்கடியில் நிலையம் கட்டி, மேலே பூங்காவைத் திருப்பித் தந்துவிடுகிறோம் என்றால்?

உலகில் உதாரணங்கள் உண்டு. லண்டனில் லெஸ்டர் சதுக்கத்துக்கு அடியில் ஒரு துணை மின்நிலையம் இயங்குகிறது. கலிஃபோர்னியாவின் அனஹைம் நகரில் ரூஸ்வெல்ட் பூங்காவுக்கு அடியில் 2006-இல் ஒன்றைக் கட்டினார்கள். ஆனால் கூரைமேல் போட்ட மண்ணில் புல்லும் செடியும் வளரும். ஆலும் வேம்பும் வேர்விட முடியாது. காற்றுப்போக்கிகள், கருவிகளை இறக்கும் வாயில், வெள்ளம் புகாத ஏற்பாடு எல்லாம் மேலே இடம் பிடிக்கும். சென்னை மழையில் கடைசியாகச் சொன்னது சிறிய விஷயம் இல்லை.

சட்டத்திலும் இது தானாகக் கிடைக்கிற சலுகை இல்லை. லக்னோவில் ஒரு பழைய பூங்காவுக்கு அடியில் கட்டிய வணிக வளாகத்தை இடித்துப் பூங்காவை மீட்க வேண்டும் என்று 1999-இல் உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது, எம்.ஐ. பில்டர்ஸ் வழக்கு. அங்கே கட்டியது கடைகள், இங்கே பொதுச்சேவை என்ற வேறுபாடு உண்டு. ஆனாலும் 'அடியில்தானே' என்பது மட்டும் வாதமாகாது.

எங்கள் ஊர் மேய்க்காலில் சோலார் பூங்கா வரப்போகிறதாம். தரிசு நிலம்தானே என்கிறார்கள்.

ஆடு மாடு வைத்திருப்பவர்களிடம் கேட்டால் அது தரிசா என்று தெரியும். சொந்த நிலமில்லாத குடும்பங்கள் பத்து ஆடு வளர்க்க முடிவது அந்தப் புறம்போக்கை நம்பித்தான். கருவேல விறகு, மூலிகை, மழைக்காலத்தில் நீர் தேங்கும் குட்டை, வலசை வரும் மேய்ப்பர்களான கீதாரிகளின் கிடை, எல்லாம் அங்கேதான். பதிவேட்டில் வருமானம் பூஜ்யம் என்பதால் நிலத்தின் மதிப்பும் பூஜ்யம் ஆகிவிடாது.

தரையில் அமைக்கும் சோலாருக்கு ஒரு மெகாவாட்டுக்கு 4 முதல் 5 ஏக்கர் தேவை. ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-இல் வந்த 648 மெகாவாட் நிலையம் சுமார் 2,500 ஏக்கரில் விரிந்திருக்கிறது. எனவே 'சின்னத் திட்டம்' என்று சொன்னால் மெகாவாட்டைக் கேட்டு, ஏக்கரைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கையில் எடுக்க வேண்டிய தீர்ப்பு, 2011 ஜனவரி 28-இல் வந்த ஜக்பால் சிங் வழக்கு. கிராமப் பொதுநிலங்களை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்க எல்லா மாநிலங்களுக்கும் உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. அதில் ஒரு விலக்கும் இருக்கிறது: ஏற்கெனவே பள்ளி, மருந்தகம் போன்ற பொதுப்பயன்பாடு இருக்கும் இடங்களை முறைப்படுத்தலாம். எதிர்த்தரப்பு இந்த விலக்கைக் காட்டும். 'ஏற்கெனவே இருக்கும்' என்ற சொற்களைச் சுட்டுங்கள். ராஜஸ்தானில் ஓரண் எனப்படும் கோயில் காடுகளிலும் இதே சிக்கல். சோலாரும் மின்பாதையும் வந்ததும் மக்கள் நீதிமன்றம் போனார்கள். ஓரண்களை நிலத்தில் அளந்து, காடுகளாக வகைப்படுத்திப் பாதுகாக்கும்படி 2024 டிசம்பர் 18-இல் உச்சநீதிமன்றம் அந்த மாநில அரசுக்குச் சொன்னது.

கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது. தீர்மானத்தில் சர்வே எண், பரப்பு, எத்தனை குடும்பங்கள் மேய்க்கின்றன என்ற விவரம் இருக்கட்டும். அதோடு ஊரில் உள்ள அரசுக் கட்டடக் கூரைகள், பள்ளிக் கூரைகள், நெல் கொள்முதல் கிடங்குகளின் கூரைகளைக் கணக்கெடுத்து இணையுங்கள். கூரைகள் நிரம்பாமல் மேய்க்காலைக் கேட்பது ஏன் என்று அந்தப் பட்டியலை வைத்துக் கேட்கலாம்.

பொது விசாரணை நடத்தச் சொல்லலாமா?

கேட்கலாம், ஆனால் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் அனல் மின்நிலையம் உண்டு. சூரிய மின்நிலையமும் மின்பாதையும் துணை மின்நிலையமும் இல்லை. 2,500 ஏக்கர் திட்டத்துக்கும் ஊரைக் கூட்டிக் கேட்க வேண்டிய கடமை இல்லை என்பது பெரிய ஓட்டை. கிராம சபையும் உள்ளாட்சி மன்றமும் அதனால்தான் இவ்வளவு முக்கியமாகின்றன.

ஆறு, கழிமுகம், ஏரி போன்ற இடங்களில்?

இங்கே உங்கள் கை கொஞ்சம் பலம். கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, ஏரிகளுக்கு 2007-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் ஆகியவை உண்டு. சென்னைக்கு வடக்கே உள்ள எண்ணூர் கழிமுகத்தை எல்லாருக்கும் தெரியும். அனல்மின் சாம்பல் கொட்டியும், குழாய் கசிந்தும், கோபுரம் நடக் கொட்டிய மண்ணாலும் கொசஸ்தலை ஆற்றின் ஓட்டம் குறுகியது. அங்கே மீனவர்கள் நின்று போராடியது, 1996-இல் ஒப்புதல் பெற்ற கடலோர வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு. பழைய வரைபடம் கிடைத்தால் விடாதீர்கள்.

கதிர்வீச்சால் புற்றுநோய் வரும் என்று மனுவில் எழுதலாமா?

எழுத வேண்டாம் என்பதே எங்கள் ஆலோசனை. 2002-இல் புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகமை, மின்கம்பிகளைச் சுற்றி உண்டாகும் தாழ் அதிர்வெண் காந்தப்புலத்தை 'ஒருவேளை காரணமாகலாம்' என்ற 2பி பிரிவில் வைத்தது. ஆதாரம் குறைவு என்பதால்தான் அந்தப் பிரிவு. 50 ஹெர்ட்ஸுக்குப் பொதுமக்களுக்கான சர்வதேச வழிகாட்டு அளவு 200 மைக்ரோடெஸ்லா. துணை மின்நிலைய வேலிக்கு வெளியே அளந்தால் பொதுவாக அதைவிட வெகு குறைவாகவே வரும். அளந்து காட்டிவிட்டார்கள் என்றால் மனுவின் மற்ற வாதங்களும் சேர்ந்து சாயும். நிலத்தின் மேல் உங்களுக்குள்ள உரிமையே போதுமான வாதம்.

தகவல் உரிமைச் சட்டத்தில் என்ன கேட்பது?

கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். 'ஏன்' என்று கேட்காமல் ஆவணத்தைக் கேளுங்கள்: தானப்பத்திர நகல், 1959 சட்டத்தின்படியான பட்டியலின் நகல், நில மாற்றம் தொடர்பான கடிதப் போக்குவரத்து, மன்றத் தீர்மானம், பரிசீலித்த மாற்று இடங்களின் ஆய்வறிக்கை, 164-ஆம் பிரிவு ஆணை. மாற்று இடத்தைப் பரிசீலிக்கவே இல்லை என்று பதில் வந்தால், உங்கள் வழக்கில் அதுவே முதல் ஆவணம்.

எந்த நீதிமன்றம்?

பூங்கா, ஓ.எஸ்.ஆர்., மேய்க்கால் என்றால் உயர்நீதிமன்றத்தில் ரிட் மனு. நீர்நிலை, காடு, கடலோரம் என்றால் சென்னையில் உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு. அங்கே பிரச்சினை எழுந்த ஆறு மாதத்துக்குள் போக வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் இன்னும் 60 நாள் தருவார்கள். வேலை தொடங்குமுன் போவதற்கும் கட்டி முடித்தபின் போவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

கட்டியே விட்டார்கள். இனி ஒன்றும் இல்லையா?

இடிக்க வைப்பது கடினம். எடுத்த பரப்புக்குச் சமமான நிலத்தை அதே வார்டில் பூங்காவாகத் தரச் சொல்லிக் கேளுங்கள். மீதமுள்ள பூங்காவை அளந்து, சுற்றுச்சுவர் கட்டி, இனி விரிவாக்கம் கிடையாது என்று தீர்மானம் வாங்குங்கள். உள்ளாட்சிக்கு இழப்பீடு வந்திருந்தால் அது அந்தப் பகுதியின் திறந்தவெளிக்கே செலவாகிறதா என்று பின்தொடருங்கள்.

எங்கள் பகுதியில் இன்னும் யாரும் கேட்டு வரவில்லை. இப்போது ஏதாவது செய்ய வேண்டுமா?

இப்போதுதான் செய்ய வேண்டும். தானப்பத்திரம் பதிவானதா, நகர நில அளவைப் பதிவேட்டில் உள்ளாட்சி பெயருக்கு மாறியதா என்று பாருங்கள். பல இடங்களில் பழைய உரிமையாளர் பெயரே நிற்கிறது. 1959 சட்டப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி மனு கொடுங்கள். பூங்காவின் பெயர், பரப்பு, மனைப்பிரிவு ஒப்புதல் எண் எழுதிய பலகையை வாசலில் வைக்கச் சொல்லுங்கள். மரம் நடுங்கள், அங்கே விளையாட்டுப் போட்டி நடத்துங்கள், பொங்கல் கொண்டாடுங்கள், ஒவ்வொன்றையும் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். அப்புறம், அருகிலுள்ள மின்வாரியப் பொறியாளரிடம் போய், அடுத்த ஐந்தாண்டில் இந்தப் பகுதிக்குப் புதிய நிலையம் தேவைப்படுமா என்று கேளுங்கள். தேவைப்படும் என்றால் இடம் தேடும் வேலையில் சங்கமே இறங்கலாம்.